வீடு திரும்பும் உயரம் எவ்வளவு?

டிரோன், மாடல் விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: போடிமெட்டு ஏறினால் பாதி வழியில் செல்போன் டவர் போய்விடுகிறது. அங்கே ஜிபிஎஸ் டிரோன் வேலை செய்யுமா சார்?
— ஜீப் ஓட்டுநர், முந்தல்

ப: செய்யும். டவருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதை ரிசீவர் வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நெட் வேண்டியிருப்பது திரையில் தெரியும் மேப்புக்கு. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள்.

கே: அண்ணே, எஃப்450 ஃப்ரேமில் ஆர்டுபைலட் மென்பொருள் போட்டு முதல் தடவை லாய்ட்டர் மோடில் தூக்கினேன். ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடித்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் வேலியில் விழுந்தது. சாட்டிலைட் 17 காட்டியது. ஜிபிஎஸ் மாட்யூல் டூப்ளிகேட்டா? படம் இணைத்திருக்கிறேன்.
— பொறியியல் மாணவர், போடி

ப: மாட்யூலைத் திட்டாதீர்கள் தம்பி. 17 சாட்டிலைட் வாங்கிக் கொடுத்த மாட்யூல் தன் வேலையைச் செய்துவிட்டது. தான் எங்கே இருக்கிறோம் என்பது உங்கள் டிரோனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது காம்பஸ். காம்பஸ் 40 டிகிரி பொய் சொன்னால், வடக்கே ஒரு மீட்டர் திருத்த நினைக்கும் டிரோன் வடகிழக்கே போகும். அங்கிருந்து திருத்தப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த வட்டம் இப்படி வந்ததுதான்.

படத்தைப் பார்த்தேன். ஜிபிஎஸ் மாட்யூலை பேட்டரி ஒயர் ஓடும் போர்டின் தலையிலேயே டபுள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். காம்பஸ் அந்த மாட்யூலுக்குள்தான் இருக்கிறது. நான்கு மோட்டாரும் கரண்ட் இழுக்கும்போது அந்த ஒயரைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைத்தான் அது வடக்கு என்று படிக்கிறது. பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத தண்டு ஒன்று போட்டு மாட்யூலை மேலே தூக்குங்கள். அம்புக்குறி முன்பக்கம் பார்க்கட்டும். பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை முறுக்கி ஓட விடுங்கள். ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டுக்குள் இன்னொரு காம்பஸ் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பிறகு காலிபரேஷன். அதை எங்கே செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; மொட்டை மாடியில்தான் செய்திருப்பீர்கள், எல்லாரும் அங்கேதான் செய்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது ஐயா! தோட்டத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஜீப் பானட் மேல் வைத்தே செய்கிறார்கள். வெறும் மண் தரைக்குப் போங்கள். கைக்கடிகாரத்தையும் செல்போனையும் தள்ளி வையுங்கள்.

ஒரு நல்ல செய்தி. காம்பஸுக்கு நம் ஊரைப் போல வசதியான இடம் உலகில் குறைவு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமை வழியாகப் போகிறது. அதைப் படிக்கத்தான் அங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தார் ஓர் ஆய்வகமே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பூமியின் காந்தக்கோடு தரையைக் குத்திக்கொண்டு செங்குத்துக்குப் பக்கமாக இறங்கும், திசை காட்ட மிச்சமிருப்பது கொஞ்சம்தான். இங்கே அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது, முழு பலமும் திசைக்கே கிடைக்கிறது. மிஷன் பிளானர் மென்பொருளில் மேக்ஃபீல்டு என்ற காந்தப்புல எண் 400 பக்கம் நிற்க வேண்டும். ஆல்டிடியூட் ஹோல்டு மோடில் தாழ்வாகப் பறந்துவிட்டு வந்து, த்ராட்டில் ஏறிய நேரத்தில் அது என்ன ஆனது என்று லாகில் பாருங்கள். அந்த எண் குதித்தால் ஒயர் இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் உள்ள வித்தியாசமான டிக்ளினேஷனுக்கு அமெரிக்கக்காரர் வீடியோவில் போடும் 14 டிகிரியை நீங்களும் போட்டிருந்தால் உடனே அழித்துவிடுங்கள். போடியில் அது இரண்டு டிகிரிகூட இல்லை. ஆட்டோவில் விட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கே: ஏலத்தோட்டத்துக்குள் நிழல்மரங்களுக்கு அடியில் பறக்கவிட்டேன். 19 சாட்டிலைட் 7 ஆனது. ஸ்டிக்கைத் தொடாமலேயே டிரோன் பக்கவாட்டில் நகர்ந்து பலாமரத்தில் மோதியது. மரத்தடியில் பறக்க நல்ல ஜிபிஎஸ் எது?
— தோட்ட உரிமையாளர், பூப்பாறை

ப: அப்படி ஒன்று இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் பூமிக்கு வந்து சேரும்போதே மிக மெலிந்திருக்கும். ஈர இலை அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மிச்சம் வருவது பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பியது. நேரே வந்ததைவிட நீண்ட வழியில் வந்திருப்பதால் ரிசீவர் தூரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு, ‘நான் நாலு மீட்டர் நகர்ந்துவிட்டேன்’ என்று நினைக்கும். நகராத டிரோனை அது ‘பழைய இடத்துக்கு’ இழுத்துப் போகும். பலாமரம் அங்கே நின்றிருக்கிறது.

2023இல் சின்னக்கானலில் பிடித்து ஜிபிஎஸ் காலர் மாட்டிவிட்ட அரிக்கொம்பன் யானைக்கே பெரியாறு காட்டுக்குள் அவ்வப்போது சிக்னல் விட்டுப்போனதாகச் செய்திகள் வந்தன. அந்தக் காலர் காட்டுக்கென்றே செய்தது.

மரத்தடிக்குள் போவதென்றால் ஜிபிஎஸ் இல்லாத ஆல்டிடியூட் ஹோல்டு மோடில், கைப்பழக்கத்தில் ஓட்டுங்கள். பழக்கம் இல்லையென்றால் போகாதீர்கள். ஸ்டோர் முற்றத்தில் 19 சாட்டிலைட்டோடு கிளம்பி மரத்தடிக்குள் நுழைவதுதான் எல்லாவற்றிலும் மோசம், பாதி வழியில் சுபாவம் மாறும்.

கே: ஏலத்துக்கு டிரோனில் மருந்தடிக்கலாமா? மானியம் உண்டாமே?
— விவசாயி, சாந்தன்பாறை

ப: நிழல்மரத்தின் உச்சிக்கு அடிக்கலாம். ஏலச்செடி அதற்குக் கீழே இருக்கிறது, சரம் வருவதோ தூரடியில். நெல்லுக்குச் சரிப்பட்ட கருவி எல்லாம் ஏலத்துக்குச் சரிப்படாது.

கே: போடிமெட்டு ரோட்டில் வளைவு ஓரமாக நின்று, மேலே ஏறும் தோட்ட ஜீப்பை டிரோனில் பின்தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப் திரும்பி மறைந்தது, டிரோனும் மறைந்தது, திரை கறுத்துவிட்டது. ரிட்டர்ன் டு ஹோம் உயரம் 30 மீட்டர் வைத்திருந்தேன். 18 சாட்டிலைட் இருந்தது. பேட்டரியும் பாதிக்கு மேல் இருந்தது. இருட்டும்வரை நின்றும் வரவில்லை. கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
— திருமண வீடியோகிராபர், தேனி

ப: போட்டால் கம்பெனிதான் ஜெயிக்கும். உங்கள் டிரோன் நீங்கள் சொல்லிவைத்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது. சிக்னல் அறுந்ததும் 30 மீட்டருக்கு உயர்ந்தது. மூக்கை உங்கள் பக்கம் திருப்பியது. நேர்கோட்டில் புறப்பட்டது. அந்தக் கோட்டில் மலை இருந்தது.

இந்தப் பகுதியில் இதை நான் எழுதாத ஆண்டில்லை. இன்னொரு தடவை எழுதுகிறேன். அந்த 30 மீட்டர் எங்கிருந்து 30 மீட்டர்? நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து. டிரோனுக்குக் கீழே எந்தத் தரை இருக்கிறதோ அதிலிருந்து என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது யாரும் எதையும் சொல்லவில்லை. வைகை அணைப் பக்கம் இரண்டும் ஒன்றுதான், அங்கே உயரமான தென்னையைத் தாண்டினால் போதும். முந்தலிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவில் ரோடு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏறுகிறது. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, நீங்கள் நின்ற இடத்தைவிட 50, 60 மீட்டர் உயர்ந்து நிற்பது அந்த ரோட்டில் சர்வ சாதாரணம். ஜிபிஎஸ்ஸுக்கு உங்கள் இடம் தெரியும், டிரோனின் இடம் தெரியும். நடுவில் இருப்பது தெரியாது. பாரோமீட்டருக்கும் தெரியாது. காற்றழுத்தத்தை வைத்து ‘கிளம்பிய இடத்துக்கு மேலே இத்தனை’ என்று மட்டும் அது சொல்லும்.

இன்னும் ஒன்று. சிக்னல் ஏன் அறுந்தது என்று யோசித்தீர்களா? ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறையைத் துளைக்காது. டிரோன் பாறைக்கு அந்தப் பக்கம் போனதால்தான் சிக்னல் போனது. சமவெளியில் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்ததும் டிரோன் தானே எடுக்கும் நடவடிக்கை, எப்போதாவது, ஏதோ ஒரு காரணத்தால் வருவது. மலையில் அது வருகிற நேரம் பெரும்பாலும் உங்களுக்கும் டிரோனுக்கும் நடுவே மலை நிற்கிற நேரம். சிக்னலை அறுத்த அதே பாறைதான் திரும்பும் வழியிலும் நிற்கிறது. அப்படியிருக்க, மலையில் பறக்கிறவர் முதலில் கைவைக்க வேண்டிய அளவு இதுதானே? மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள், கேமரா கலர் ப்ரொஃபைலை மணிக்கணக்காக மாற்றுகிறார்கள், இதைப் பெட்டியில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ஆர்டுபைலட் காப்டரில் வந்தபடியே விட்டால் 15 மீட்டர். பீட்டாஃப்ளைட்டின் ஜிபிஎஸ் ரெஸ்க்யூவில் 30. இரண்டுமே தட்டையான ஊரில் உட்கார்ந்து யோசித்த அளவுகள்.

என்ன வைப்பது? கிளம்பும் முன் உயரக்கோடு போட்ட வரைபடத்தைத் திறந்து, நீங்கள் பறக்கப்போகும் சுற்றளவுக்குள் மிக உயரமான இடம் எது என்று பாருங்கள். அதிலிருந்து நீங்கள் நிற்கும் இடத்தின் உயரத்தைக் கழியுங்கள். அதன்மேல் நிற்கும் மரத்துக்காக 30 மீட்டர் கூட்டுங்கள். வருகிற தொகைதான் உங்கள் உயரம். அது 120 மீட்டரைத் தாண்டினால் அங்கிருந்து கிளம்பக் கூடாது, பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணில் படுகிற மேட்டுக்குப் போய் அங்கிருந்து கிளம்புங்கள்.

மேட்டிலிருந்து கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மெட்டில் நின்றுகொண்டு 300 மீட்டர் கீழே பள்ளத்துக்கு இறக்கினால், திரும்பச் சொன்னதும் டிரோன் முதலில் அந்த 300 மீட்டரையும், மேலே 30ஐயும் ஏறும். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் ஏறி முடிக்கவே இரண்டு நிமிடம் பக்கம். பேட்டரி அதற்குள் மடிந்துவிடும். ஏறி முடித்த இடத்தில் அது தரைக்கு மேல் 330 மீட்டரில் இருக்கும், பச்சை மண்டலத்தில் அனுமதி 400 அடி, அதாவது 120 மீட்டர்தான். சட்டமும் போயிற்று.

சொந்தமாகக் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆர்டுபைலட்டில் ஸ்மார்ட் ஆர்டிஎல் என்று உண்டு, டிரோன் போன பாதையை நினைவில் வைத்துக்கொண்டு அதே வழியில் திரும்பும். போகும்போது பாறையைச் சுற்றிப் போனது வரும்போதும் சுற்றியே வரும். ஃபெயில்சேஃப்பை அதற்கு மாற்றி வையுங்கள். ஐநாவ் மென்பொருளிலும் இப்போது அதுபோல் வந்திருக்கிறது. ‘டெரெய்ன் டேட்டா போட்டிருக்கிறேனே’ என்று சிலர் எழுதுவார்கள். அந்தத் தரை உயரங்கள் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி ரேடாரில் அளந்தவை. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. செங்குத்துப் பள்ளத்தில் ரேடார் நிழல் விழுந்த இடத்தை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த சில்வர் ஓக் மரம் எதுவும் அதில் இல்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி 10 மீட்டர் இடைவெளியில் போகக் கூடாது.

ஜீப்பில் வைத்துக் கிளப்புகிறவர்கள் ஹோம் பாயிண்ட்டையும் நினைவில் வையுங்கள். அது நீங்கள் ஆர்ம் செய்த, அதாவது மோட்டாரை உயிர்ப்பித்த இடம். ஜீப் அங்கிருந்து மூன்று வளைவு ஏறிவிட்டது என்பது டிரோனுக்குத் தெரியாது.

இப்போது உங்கள் டிரோன். ஆப்பில் கடைசியாகப் பதிவான இடத்தை எடுங்கள். அங்கிருந்து நீங்கள் நின்ற இடத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுங்கள். நீங்கள் நின்ற உயரத்துக்கு மேல் 30 மீட்டரில் போகும் உயரக்கோடு அந்தக் கோட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கச் சரிவில் எங்கே வெட்டுகிறதோ, அந்த இடத்தின் கீழ்ச்சரிவில் கிடக்கும். ரோட்டை விட்டு இறங்குவதற்கு முன் செக்போஸ்டில் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள், தனியாக இறங்காதீர்கள். கிடைத்ததும் இன்னொன்றும் செய்யுங்கள்: கல்யாணத்துக்குக் காசு வாங்கிப் பறக்கவிடுவது தொழில், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோன் என்றால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் காணோம்.

கே: ஆர்.டி.கே. என்ற துல்லிய வசதி இல்லாத சாதாரண டிரோனில் படமெடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரரோடு உள்ள எல்லைத் தகராறைத் தீர்க்க முடியுமா?
— பெயர் வேண்டாம், உடும்பன்சோலை

ப: முடியாது. சாதாரண ஜிபிஎஸ் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளிச் சொல்லும், உங்கள் தகராறே அந்த மூன்று மீட்டருக்குத்தானே. சர்வேயருக்கு மனுப் போடுங்கள்.

கே: போடி ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தைவிட என் ஜிபிஎஸ் லாகில் ஓர் உயரம் 90 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கிறது. அதே லாகில் இன்னொரு உயரம் சரியாக இருக்கிறது. எது பொய்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், போடி

ப: இரண்டும் மெய். ஐயா, இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது, பூமியை ஒழுங்கான, சற்றே தட்டையான உருண்டையாக வைத்துக்கொண்டு அந்தக் கற்பனைப் பரப்புக்கு மேல் நாம் எத்தனை உயரம் என்பதை. ரயில்வேக்காரர் எழுதியிருப்பது கடல்மட்டத்துக்கு மேல். கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்குத் தகுந்தபடி மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகிலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் நமக்குத் தெற்கே, இலங்கைக்குக் கீழே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கற்பனைப் பரப்பைவிட 100 மீட்டருக்கும் மேல் கீழே. ஏன் அப்படி என்பதற்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2023இல் பூமியின் ஆழத்திலிருந்து ஒரு காரணம் சொன்னார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாமும் இருக்கிறோம், அதனால்தான் உங்கள் 90 சொச்சம். மாட்யூல் தன் உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கழித்துக் கடல்மட்டக் கணக்கையும் தருகிறது. லாகில் தலைப்பைப் பார்த்தால் எது எது என்று தெரியும்.

பறப்பதற்கு இதனால் ஆபத்தில்லை, டிரோன் எல்லாவற்றையும் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கிறது. ஆனால் ஒரு மென்பொருளில் ஒரு கணக்கு, இன்னொன்றில் மற்றொரு கணக்கு என்று எடுத்துப் போட்டு மிஷன் எழுதினால், 90 மீட்டர் தரைக்குள்ளே பறக்கச் சொல்வீர்கள். அது பணிவாக முயன்றும் பார்க்கும்.

கே: ஜிபிஎஸ் லாக் ஆகச் சில நாள் பத்து நிமிடம் ஆகிறது, சில நாள் பத்து விநாடி. ஏன்?
— வாசகர், சின்னமனூர்

ப: மாட்யூலின் சின்ன பேக்கப் பேட்டரி செத்திருக்கும், அல்லது அருகில் கேமராவோ வீடியோ டிரான்ஸ்மிட்டரோ இரைச்சல் போடுகிறது. வீடியோவை அணைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். 1.2 கிகாஹெர்ட்ஸ் வீடியோ வைத்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதுதான்.

கே: ஆடி மாதம் போடிக்கு வெளியே பொட்டல் நிலத்தில் என் ஃபோம் விமானத்தை ஐநாவ் போட்டுப் பறக்கவிட்டேன். ஆர்டிஎச் (ரிட்டர்ன் டு ஹோம்) தட்டியதும் மூக்கை என் பக்கம் திருப்பியது, ஆனால் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது! கடைசியில் தேனிப் பக்கம் போய் மறைந்தது. எந்த செட்டிங் தப்பு?
— கல்லூரி மாணவர், தேவாரம்

ப: மாதம்தான் தப்பு.

தென்மேற்குக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மெட்டு தாண்டி நம் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகளை வேடிக்கைக்கா நட்டிருக்கிறார்கள்? உங்கள் விமானம் மணிக்கு 45 கிலோமீட்டரில் பறக்கிறது, காற்று 50இல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழு மனதோடு உங்களை நோக்கிப் பறந்துகொண்டே மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் தேனிக்குப் போகும். ஜிபிஎஸ் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

குறைந்தபட்சத் தரைவேகம் என்றொரு அளவு ஐநாவ், ஆர்டுபைலட் இரண்டிலும் இருக்கிறது. காற்று எதிர்த்தால் த்ராட்டிலைத் தானே கூட்டச் சொல்லும். அதைப் போடுங்கள். மோட்டாருக்கு மிச்ச பலம் இருந்தால்தான் அது உதவும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். மலையடிவாரத்துக்கு ஒட்டிப் போகாதீர்கள். முகடு தாண்டி வரும் காற்று அங்கே கீழ்நோக்கிப் புரளும், 900 கிராம் ஃபோமை அது தரையில் அறைந்துவிடும்.

திரையில் தெரியும் வேகம் தரைவேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றோடு போகும்போது 95 காட்டும். ‘அதிகமாகப் போகிறதே’ என்று த்ராட்டிலைக் குறைப்பீர்கள். இறக்கைக்கு அப்போது கிடைப்பது 45தான். குறைத்த மறுநொடி கவிழும். பிட்டோ குழாய் வைத்த ஏர்ஸ்பீடு சென்சார் வாங்கும் காசு, ஒரு விமானத்தின் காசைவிடக் குறைவு.

கே: நமது நாவிக் செயற்கைக்கோள்களை ஹாபி டிரோனில் பயன்படுத்த முடியாதா? வெளிநாட்டு ஜிபிஎஸ்ஸையே நம்பியிருக்க வேண்டுமா?
— வாசகர், உத்தமபாளையம்

ப: 2013இல் முதல் செயற்கைக்கோள் ஏறியதிலிருந்து பல ஆண்டுகள் நாவிக் பேசியது எல்5, எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில். நம் மேசையில் கிடக்கும் எம்8 மாதிரி மாட்யூல்களுக்கு எல்1 மட்டுமே தெரியும். 2023 மே மாதம் போன என்.வி.எஸ்.-01 தான் எல்1இலும் பேசத் தொடங்கியது. பொறுத்திருங்கள்.

அதற்குள் நம்முடையது ஒன்றை நீங்கள் இன்றைக்கே பயன்படுத்தலாம், யாரும் செய்வதில்லை: ககன். ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்திச் சொல்லும் இந்தியச் சேவை, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக, அதே எல்1 அலைவரிசையில், இலவசமாக வருகிறது. பீட்டாஃப்ளைட்டில் எஸ்.பி.ஏ.எஸ். என்ற இடத்தில் ககன் என்றே எழுதியிருக்கும், தேர்ந்தெடுங்கள். நமக்கு அது கூடுதலாகத் தேவை. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காம்பஸுக்குக் கிடைத்த லாபத்துக்கு வேறோர் இடத்தில் விலை கொடுக்கிறோம். பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் பொழுது சாய்ந்தபின் நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் கொந்தளிக்கும். சாட்டிலைட் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், டிரோன் மட்டும் நின்ற இடத்தில் நில்லாமல் அலையும். அந்த நேரத்தில் காலிபரேஷன் செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் சரியாகிவிடும்.

கே: குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை வரை வேபாயிண்ட் போட்டுத் தானாகவே போய் சூரியோதயம் எடுத்து வரச் செய்யலாமா? ரேஞ்சு இருக்கிறது.
— வாசகர், மதுரை

ப: கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தைத் தாண்டி ஹாபி டிரோனை அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை. கீழே இருப்பது காடு. 2021 டிரோன் விதிகளின் வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்தாலும் காட்டுக்கு மேலே வனத்துறையின் சொல்தான். 2018 மார்ச் 11இல் குரங்கணித் தீயில் அத்தனை மலையேறிகள் மாண்ட பிறகு அந்தப் பாதையில் யார் எதற்குப் போகிறார்கள் என்று அவர்கள் கேட்காமல் விடுவதில்லை, கேட்கவும் வேண்டும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள் வந்தபோது, யானைக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்ட ஒருவர் கைதானார். யானைக்கு அந்த இரைச்சல் தேனீக் கூட்டம். மிரண்டு ஓடுகிற யானை எந்தத் தெருவில் நுழையும் என்று வேபாயிண்ட் போட முடியாது.

கொழுக்குமலைச் சூரியோதயத்தை நேரில் போய்ப் பாருங்கள். சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது.

கே: நடிகர் அஜித் சாருடைய தக்ஷா டீம் மாதிரி நாங்களும் டிரோன் டீம் ஆரம்பிக்க ஆசை. எதில் தொடங்குவது?
— பள்ளி மாணவர்கள், கம்பம்

ப: அது குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் டீம், அவர் ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவில் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாமிடம் வாங்கினார்கள். நீங்கள் சால்டரிங்கில் தொடங்குங்கள். கடைகளிலிருந்து என்னிடம் ‘ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை’ என்று வரும் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் நன்றாகவே இருக்கிறது, ஆர்எக்ஸ்-டிஎக்ஸ் ஒயரை மாற்றி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள்.

கே: என் மகன் எட்டாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு ஜிபிஎஸ் டிரோன் கேட்டு அடம்பிடிக்கிறான். ஜிபிஎஸ் இருந்தால் தொலையாது, பாதுகாப்பு என்கிறான். அவன் அப்பா வெளியூரில். எனக்கு இதெல்லாம் தெரியாது. வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், போடி

ப: தாராளமாக வாங்கித் தாருங்கள் அம்மா, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலில் ஜிபிஎஸ் இல்லாததை வாங்குங்கள், உள்ளங்கை அளவில், புரொப்பெல்லரைச் சுற்றி வளையம் போட்டது. வீட்டு ஹாலிலேயே பறக்கும், சுவரில் மோதும், ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் அதை ஓட்டட்டும். ஜிபிஎஸ் டிரோனில் கையை எடுத்தால் அது தானாக நின்றுவிடும், அதனால் பிள்ளைகளுக்குக் கை பழகுவதே இல்லை. ஜிபிஎஸ் போன அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். பெரியவர்களே நிற்கிறார்கள், மேலே உள்ள கடிதங்களைப் படியுங்கள். பிறகு வாங்குவது 250 கிராமுக்குள் இருக்கட்டும், அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. டிரோனின் லிப்போ பேட்டரியை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சார்ஜ் போடச் சொல்லுங்கள், படுக்கையறையில் வேண்டாம், உப்பிப்போனதைத் திரும்பப் போட வேண்டாம். தொலையாது என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள்.

கே: ரிமோட் ‘லோ பேட்டரி’, ‘ஜிபிஎஸ் லாஸ்ட்’ என்று இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் மாற்ற முடியுமா?
— வாசகர், கோம்பை

ப: எட்ஜ்டிஎக்ஸ் ரிமோட் என்றால் முடியும். எஸ்.டி. கார்டில் சவுண்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதே கோப்புப் பெயரில், மோனோ வேவ் கோப்பாக உங்கள் குரலைப் பதிந்து வைத்தால் போதும். சொந்தக் குரலைவிட வீட்டுக்காரம்மாவின் குரலில் பதிந்துவைப்பது நல்லது, ‘இறக்கு’ என்றால் உடனே இறக்குவீர்கள்.